ஹெர்குலிஸுக்குக் குங்குமம்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் முதல் பொட்டு சைக்கிளுக்குத்தான். அப்பா அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். ஷிப்டு முடிந்து வந்ததும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் செயின், ரிம், போர்க் எல்லாவற்றையும் துடைப்பார். ஹேண்டில்பாருக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் பெயர்த் தகட்டில் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைப்பார். முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டியபின் வண்டியை ஒரு தள்ளு தள்ளி அதை நசுக்குவார். தகட்டில் இருந்த பெயர் ஹெர்குலிஸ். "ஹெர்குலிஸ்னா யாருப்பா?" என்று ஒரு வருஷம் கேட்டேன். "கம்பெனி பேருடா" என்றார்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் வேறு பதில் வைத்திருந்தார். ஹெர்குலிஸ் கிரேக்க புராணத்து மாவீரன், சிங்கத்தை வெறுங்கையால் கொன்றவன், பன்னிரண்டு அரும்பணிகள் முடித்தவன். (கிரேக்கர்களுக்கு அவன் ஹெராக்ளிஸ். ஹெர்குலிஸ் என்பது ரோமர்கள் வாயில் திரிந்த பெயர் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கே ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.) பக்கத்திலேயே திருமுல்லைவாயில் பச்சையம்மன் கோயில். அங்கே வாழ்முனி, செம்முனி என்று ஆளுயரத்தைப்போல் பல மடங்கு பெரிய முனிகள் முறைத்த கண்ணோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு பையன் கேட்டபோது அதே வாத்தியார், "அதெல்லாம் காவல் சாமிடா, சின்ன சாமி" என்று முடித்துக்கொண்டார். கடல் கடந்து வந்தவனுக்குப் புராணம் இருக்கிறது. நடந்துபோகும் தூரத்தில் இருப்பவருக்கு அளவு மட்டும் இருக்கிறது, அதுவும் சின்ன அளவு.

எம்.ஏ. வகுப்பில் மூன்றாவதாக ஒரு சொல் கிடைத்தது: தொன்மம். கிரேக்கத் தொன்மம், ரோமானியத் தொன்மம். அந்தப் பட்டியலில் சீயஸ் உண்டு, அப்போலோ உண்டு, வீனஸ் உண்டு. வெளியே வந்தால் 'நாட்டார் வழக்காறு' என்ற தனிப் பெட்டியில் முனியும் மாரியும் இருப்பார்கள். எந்தத் தெய்வம் தொன்மம், எது மதம், எது மூடநம்பிக்கை என்று பிரித்துவைக்கும் இந்த அலமாரியை யார் செய்தார்கள்? கிரேக்க ரோமானியத் தெய்வங்கள் வயதாகிச் சாகவில்லை. முதலில் அவர்கள் பெயரை இன்னொருவர் வைத்தார், பிறகு பூசாரியைப் பிரித்தார், கடைசியில் சட்டம் போட்டுச் சோற்றை நிறுத்தினார். அப்படி நிறுத்தப்பட்ட பிறகுதான் அவர்கள் 'தொன்மம்' ஆனார்கள். அந்த மூன்று வேலைகளும் நம் பக்கத்து அம்மன்களுக்கு நடந்ததையும் நடந்துகொண்டிருப்பதையும் சேர்த்து வாசிப்பதுதான் இங்கே முயற்சி.

முதலில் அந்த சைக்கிளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஹெர்குலிஸ் கம்பெனி 1910-இல் பர்மிங்ஹாமில் தொடங்கியது. 1946-இல் அதை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் வாங்கியது. அந்த நிறுவனமும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் என்று தொடங்கி அம்பத்தூரில் ஆலை வைத்தார்கள். முருகன் பெயரைத் தாங்கிய செட்டிநாட்டு முதலும் கிரேக்க வீரனின் பெயரைத் தாங்கிய பர்மிங்ஹாம் முதலும் கூட்டு. வடக்கே சோனிபட்டிலிருந்து அட்லஸ் வந்தது. அட்லஸ் தோளில் இருந்த வானத்தை ஹெர்குலிஸ் கொஞ்ச நேரம் வாங்கிச் சுமந்தான் என்று கதை. நம் ஊர் சைக்கிள் ஸ்டாண்டுகளில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் டோக்கன் மாட்டிக்கொண்டு நின்றார்கள். மூணு ஸ்டேஷன் தள்ளி ஆவடியில் ராணுவ டாங்கிகளுக்கு விஜயந்தா, அஜேயா, அர்ஜுன், பீஷ்மா என்று பெயர். முதலாளியின் சரக்குக்குச் செத்துப்போன கிரேக்கச் சாமி, அரசின் ஆயுதத்துக்கு சமஸ்கிருத வீரன். வாழ்முனி பெயரில் ஒரு டாங்கியோ செம்முனி பெயரில் ஒரு சைக்கிளோ வராது. வந்தால் யாராவது சிரிப்பார்கள், யாராவது கோபப்படுவார்கள். ஹெர்குலிஸ் என்று வைத்தால் கேட்க நாதியில்லை. உரிமை கொண்டாட அடியார்கள் மிச்சமில்லாத தெய்வம்தான் வியாபாரத்துக்குத் தோது.

*

ஆனால் ஹெர்குலிஸ் நம் பக்கம் வருவது இது முதல் தடவை இல்லை. ஏறத்தாழ கி.மு. 300-இல் சந்திரகுப்த மௌரியனின் அவைக்கு செலூக்கஸின் தூதனாக வந்த மெகஸ்தனிஸ் ஏற்கெனவே அவனை இங்கே 'பார்த்திருக்கிறார்'. மெகஸ்தனிஸின் நூல் தொலைந்துவிட்டது. அர்ரியன், ஸ்டிராபோ, பிளினி போன்ற பிற்காலத்தவர்கள் எடுத்தாண்ட துண்டுகளே மிச்சம். அவற்றின்படி இந்தியாவின் மலைவாசிகள் டயோனிசஸை வணங்குகிறார்கள், சமவெளிக்காரர்கள் ஹெராக்ளிஸை வணங்குகிறார்கள். சூரசேனர்களிடமும் அவர்களது மதுரா நகரத்திலும் ஹெராக்ளிஸுக்குத் தனி மரியாதை. கிருஷ்ணனைத்தான் அப்படிச் சொல்கிறார் என்பது பெரும்பாலோர் கருத்து.

நமக்கு வேண்டிய பகுதி அடுத்து வருகிறது. இந்த ஹெராக்ளிஸுக்கு மகன்கள் நிறைய, மகள் ஒருத்தி. பெயர் பாண்டையா. அவள் பிறந்து ஆண்ட நாடு அவள் பெயராலேயே வழங்கியது. 500 யானைகள், 4,000 குதிரைகள், 1,30,000 காலாட்படை ஆகியவற்றைத் தகப்பன் அவளுக்குக் கொடுத்தான். கடலில் முத்தைக் கண்டெடுத்து மகளை அலங்கரித்தான். 365 ஊர்கள், நாளுக்கு ஓர் ஊர் முறைவைத்துத் திறை கட்டின என்கிறது பொலியேனஸ் தரும் குறிப்பு. முத்து, தென்னாடு, பாண்டிய என்ற ஒலி மூன்றும் சேர்ந்தால் நம் ஆய்வாளர்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. உடனே தடாதகைப் பிராட்டி, மீனாட்சி என்று கோடு போட்டுவிடுவார்கள். மெகஸ்தனிஸுக்கும் பரஞ்சோதியின் திருவிளையாடற் புராணத்துக்கும் நடுவில் எத்தனை நூற்றாண்டு கிடக்கிறது என்பதெல்லாம் அந்தச் சந்தோஷத்தில் காணாமல் போய்விடும். பெண் ஆண்ட நினைவு ஒன்று தெற்கில் நீண்டகாலம் இருந்திருக்கலாம். அதற்குமேல் இந்தத் துண்டு தாங்காது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு விஷயத்தை வசதியாக விட்டுவிடுகிறோம். அர்ரியன் அதே இடத்தில் சொல்கிறார்: தன் தகுதிக்கு மாப்பிள்ளை கிடைக்காத ஹெராக்ளிஸ், வம்சம் தழைக்கவேண்டும் என்று ஏழு வயது மகளைத் தானே கூடினான், அதனால்தான் அந்த நாட்டுப் பெண்கள் ஏழு வயதில் கல்யாணத்துக்கு ஆளாகிறார்கள். அந்நியனின் கண் ஒரு நாட்டின் அரசியை ஏற்றுக்கொள்ளும்போதுகூட அவளை இப்படித்தான் ஏற்றுக்கொள்கிறது. அவளுக்கு ஒரு கிரேக்கத் தகப்பன் வேண்டும். அவள் நாட்டு வழக்கத்துக்கு ஒரு கேவலமான மூலக்கதை வேண்டும். பாண்டையாவை மீனாட்சி என்று கொண்டாடுகிறவர்கள் இந்தத் தகப்பனையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறார்கள்.

மெகஸ்தனிஸ் பொய் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. இங்கே ஏதோ ஒரு சாமியைப் பார்த்தார், அல்லது கேள்விப்பட்டார். அதன் பெயரைக் கேட்டு எழுதுவதற்குப் பதில் தன் ஊர்ப் பெயரை எழுதினார். அவ்வளவுதான். அந்தச் சாமியின் பெயர் போயே போய்விட்டது.

*

அடுத்தமுறை கிரேக்கச் சாமிகள் வந்தது கப்பலின் பெயராக. வியன்னாவில் இருக்கும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று, 1985-இல் வெளியானது. சேரநாட்டு முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிப்போன ஒரு கப்பலைப் பற்றிப் பேசுகிறது. நரந்தம், தந்தம், துணி. சரக்கின் மதிப்பு ஏழு மில்லியன் செஸ்டர்ஸ் நாணயத்துக்குக் குறையாது. கப்பலின் பெயர் ஹெர்மாப்போலோன். வியாபாரிகளின் சாமி ஹெர்மஸையும் அப்போலோவையும் ஒட்டிவைத்த பெயர். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிற லாரியின் நெற்றியில் 'ஸ்ரீ கருமாரியம்மன் துணை' என்று எழுதியிருக்கிறதல்லவா, அதே வேலைதான். அந்தக் கப்பல்காரனுக்கு ஹெர்மஸ் தொன்மம் இல்லை. சரக்கு கரைசேர வேண்டும் என்ற பயத்துக்குத் துணை.

முசிறிக்குப் பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் ஒன்றைப் பழைய ரோமானியச் சாலை வரைபடம் காட்டுகிறது. சங்கப் பாடல்களில் யவனரின் மது வருகிறது, பாவைவிளக்கு வருகிறது, யவனக் காவலர் வருகிறார்கள். அவர்களது சாமியைப் பற்றி, நானறிந்தவரை, ஒரு பேச்சும் இல்லை. நம் புலவர்கள் அதற்குக் கொற்றவை என்றோ சேயோன் என்றோ பெயர் வைக்கவும் இல்லை. சாமியை விட்டுவிட்டார்கள், காசை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காசையும் சும்மா வாங்கவில்லை. புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றில் மிகப் பலவற்றில் பேரரசனின் முகத்தின்மேல் உளியால் ஒரு வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. செத்தபின் தெய்வமாக்கப்பட்ட பேரரசர்களின் முகங்களும் அவற்றில் உண்டு. இங்கே அது எடைபோட்டு வாங்கும் தங்கம்.

*

அடுத்தவன் சாமிக்குத் தன் சாமியின் பெயரை வைக்கும் பழக்கத்துக்கு ரோமானியர்கள் ஒரு சொற்றொடரே வைத்திருந்தார்கள். ஜெர்மானிய இனங்களைப் பற்றி கி.பி. 98-இல் எழுதிய டாசிட்டஸ், 'ரோமப் பொருள்கொள்ளலின்படி' அவர்களது இரட்டைத் தெய்வங்கள் காஸ்டரும் போலக்ஸும்தான் என்கிறார். அதற்கும் முன்பே சீசர், கால் நாட்டவர்கள் அதிகமாக வணங்குவது மெர்குரியை என்று எழுதிவிட்டார். அந்த மக்கள் வாயில் 'மெர்குரி' என்ற சொல் ஒருநாளும் வந்திருக்காது. படை போகிற இடமெல்லாம் பெயர்ப்பட்டியலும் கூடவே போகிறது.

இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் வெந்நீர் ஊற்று. ஊற்றின் உள்ளூர்த் தெய்வம் சூலிஸ். ரோமானியர் வந்து அவளை மினர்வா என்றார்கள், சூலிஸ் மினர்வா ஆனாள். உள்ளூர்க்காரியின் பெயர் முன்னால் நிற்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும், இதற்குத் திரும்பி வருவேன். 1979-80-இல் அந்த ஊற்றைத் தோண்டியபோது 130 அளவில் ஈயத் தகடுகள் கிடைத்தன. எல்லாம் சாபம். போர்வை திருடியவன், காசு திருடியவன், குளிக்கப்போன இடத்தில் துணி திருடியவன். கையுறை இரண்டு தொலைத்த ஒருவன், எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று தேவியிடம் மனுப் போட்டிருக்கிறான். வாசித்தபோது எனக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோயில்தான் கண்முன் வந்தது. பொருளைக் களவு கொடுத்தவர்கள் அங்கே ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைத்து அம்மனுக்குப் பூசிவிட்டு வருகிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் படியேற முடியாதவளுக்கு அந்த ஆட்டுக்கல்தான் ஸ்டேஷன். பாத் நகரத்துத் தகடு கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் 'செவ்வியல் உலகத்தின் அன்றாட வாழ்வு' ஆகிறது. ஆனைமலை மிளகாய் 'மூடநம்பிக்கை' ஆகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் ஒன்றுதான். அங்கே மனுப்போடுகிறவர்கள் இல்லை, இங்கே இருக்கிறார்கள்.

இதேபோல் இன்னொன்று. ஹோமரின் இலியட் தொடங்குவதே கொள்ளைநோயில்தான். பூசாரியை அவமதித்ததற்காக அப்போலோ அம்பு விடுகிறான். முதலில் கோவேறு கழுதைகளும் நாய்களும், அப்புறம் மனிதர்கள். பலி கொடுத்துச் சாந்தி செய்ததும் அவனே நோயை எடுத்துக்கொள்கிறான். போடுகிறவளும் அவளே, இறக்குகிறவளும் அவளே என்று நம் வீடுகளில் அம்மை வந்தால் சொல்வார்களே, அதே தர்க்கம். ஆனால் பெரியம்மை இந்தியாவில் 1975-இல் ஓய்ந்தபிறகு, "இனி மாரியாத்தாளுக்கு என்ன வேலை?" என்று கேட்டவர்கள் உண்டு. 1983-இல் சென்னையில் அப்போலோ என்ற பெயரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்தபோது, கொள்ளைநோய் பரப்பின சாமியின் பெயரையா வைப்பது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அப்போலோ தொன்மம். மாரி பயம்.

*

இப்போது நம் பேட்டைக்கு வருவோம். திருவேற்காடு என்ற பெயருக்கு வேல மரக் காடு என்பதே நேர்ப்பொருள். வெள்வேல் தலமரம். ஆனால் சைவத் தலபுராணம் என்ன சொல்கிறது? நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று ஈசனை வழிபட்டன, ஆகவே சாமி வேதபுரீசர். முள்மரம் வேதமாகிவிட்டது. திருமுல்லைவாயில் பச்சையம்மன் யாரென்றால், சிவனின் உடம்பில் பாதி கேட்டுத் தவமிருந்த பார்வதி. அந்த முனிகள்? அசுரனை அடக்க சிவனும் திருமாலும் எடுத்த வேஷங்களாம், செம்முனி சிவன், வாழ்முனி திருமால். கருமாரி யாரென்று கேட்டால், பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெருந்தெய்வத்தைப் பொருத்தி விளக்கம் தயாராக இருக்கிறது. குறிசொல்லும் குறத்தி வேஷத்தில் சூரியனிடம் போய், அவன் மதிக்காமல் விட, அவன் ஒளியைப் பிடுங்கியவள் என்ற கதைதான் எனக்கு அவளை நெருக்கமாகக் காட்டுகிறது. கூடை தூக்கி வந்தவளை மதிக்காதவன் வீட்டில் விளக்கு எரியாது. அரசு ஆவணத்தில் அவள் 'தேவி கருமாரி'. சூலிஸ் மினர்வாவில் உள்ளூர்ப் பெயர் முன்னால் நின்றது. இங்கே 'தேவி' முன்னால் வந்துவிட்டாள்.

வெள்ளைக்காரன் மேல் பழி போட்டுவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. 'சிறுதெய்வம்' என்ற சொல்லை அப்பர் தேவாரத்திலேயே பார்க்கலாம். அதைச் சேரமாட்டோம் என்கிற உறுதிமொழியாக அங்கே அது வருகிறது. பல்லவர் காலத்திலேயே பெரிது, சிறிது என்று தராசு கட்டியாகிவிட்டது. பிறகு 1784-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் கிரேக்க, இத்தாலிய, இந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதி, கணேசனுக்கு ஜானஸ், திருமகளுக்கு சீரிஸ் என்று ஜோடி சேர்த்தபோது, அவர் கையில் இருந்தது பண்டிதர்கள் கொடுத்த சமஸ்கிருதப் பட்டியல். அதில் பிடாரிக்கு இடமில்லை, ஆகவே பிடாரிக்குக் கிரேக்கத்தில் அக்காள் தங்கை யாரும் கிடைக்கவில்லை. ஜோன்ஸுக்கு 71 வருஷம் முன்னால், 1713-இல், தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழர்களின் ஓலைகளைப் படித்தும் அவர்களிடம் கேட்டும் ஐயனார், எல்லம்மை, மாரியம்மை, அங்காளம்மை, பிடாரி என்று எல்லோரையும் உள்ளூர்ப் பெயரிலேயே எழுதிவைத்தார். அவரும் அவற்றைப் பொய்த் தேவர்கள் என்றுதான் நினைத்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெயரை மாற்றவில்லை. ஜெர்மனியில் இருந்த பெரியவர்கள், அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினால் அதை இங்கே பரப்புகிறாயா என்கிற தொனியில் அதை அச்சேற்ற மறுத்தார்கள். 1867-இல்தான் சென்னையில் அது அச்சானது. எதிரியாக நின்று கேட்டவனின் ஏடு நூற்றைம்பது வருஷம் தூங்கியது. ரசிகனாக நின்று ஜோடி சேர்த்தவனின் கட்டுரை ஒரு துறையையே தொடங்கிவைத்தது.

நம்மில் சிலர் இப்போது செய்வதும் ஜோன்ஸ் வேலைதான். முனீஸ்வரன் நம் ஹெர்குலிஸ், மாரி நம் சிபெலி, கண்ணகி நம் ஐசிஸ் என்று மேடையில் பேசும்போது கைதட்டல் விழுகிறது. நானும் தட்டியிருக்கிறேன். நம் சாமிக்கு ஒரு கிரேக்கச் சிபாரிசுக் கடிதம் எதற்கு என்று வீட்டுக்கு வந்து யோசித்ததும் உண்டு. இந்தக் கட்டுரையும் ஒப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறது என்று கேட்பீர்கள். தெய்வங்களுக்கு நேர்ந்ததை ஒப்பிடுகிறேன், தெய்வங்களை இல்லை.

*

சிபெலியின் கதையையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 204. ஹானிபால் இத்தாலியில் உட்கார்ந்திருக்கிறான். ரோமுக்கு பயம். சாத்திரச் சுவடியைப் புரட்டியதில், ஆசியா மைனரிலிருந்து 'பெருந்தாய்' வந்தால் பகைவன் போவான் என்று வந்தது. பெஸ்ஸினஸ் என்ற ஊரில் அவள் ஒரு கறுப்புக் கல். கப்பலில் ஏற்றி, மேன்மக்கள் எதிர்கொண்டு வரவேற்று, நகரத்தின் மையத்தில் பாலட்டைன் குன்றில் கோயில் கட்டினார்கள். கி.மு. 191-இல் குடமுழுக்கு. ஆனால் அவளோடு வந்த பூசாரிகள், ஆணுறுப்பை அறுத்துக்கொண்டு பெண்ணுடை உடுத்தி, பறையும் குழலுமாக ஆடியவர்கள். அவர்களை என்ன செய்வது? ரோமக் குடிமகன் எவனும் அந்தப் பூசாரி ஆகக்கூடாது, அந்த வண்ண உடையில் ஊர்வலம் போகக்கூடாது என்று தடை. அம்மன் உள்ளே. அவள் ஆட்கள் வாசலில். (உடனே கூவாகத்தைக் கொண்டுவந்து பொருத்தத் தோன்றும். வேண்டாம். அங்கே அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிற திருநங்கைகள் யாருடைய மறுபதிப்பும் இல்லை.)

இங்கே இது சத்தமில்லாமல் நடக்கிறது. ஓலைக்கொட்டகை தளமாகி, தளம் கோபுரமாகி, உண்டியல் பெருத்து, கோயில் ஊரைத் தாண்டிப் பெயரெடுக்கும்போது, உடுக்கையடித்துப் பாடி அம்மனை அழைத்தவர் மெல்ல மெல்ல வெளிப்பிராகாரத்துக்கு நகர்கிறார். உள்ளே அர்ச்சனை, லட்சார்ச்சனை, ஸ்ரீசக்கரம். எல்லாச் சாதியினரும் அர்ச்சகராவதற்கு 1970-இல் சட்டத்திருத்தம் வந்து, வழக்குகளில் அரைநூற்றாண்டு இழுபட்டு, பயிற்சி முடித்த 24 பேருக்கு 2021 ஆகஸ்டில் வேலை கிடைத்தது. பெரிய வெற்றிதான். மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதே ஐம்பது வருஷத்தில், பார்ப்பனரல்லாதாரும் பெண்களும் பூசை செய்துகொண்டிருந்த எத்தனை அம்மன் சன்னதிகள் எதிர்த்திசையில் போயின என்று யாராவது கணக்கெடுத்தார்களா?

கிராமத்துச் சாமியைக் கண்மூடிக் கொண்டாடவும் முடியாது. ரேணுகா கதையில் ஒரு கணம் மனம் சலனப்பட்டதற்காகத் தாயின் தலையை மகன் வெட்டுகிறான். உயிர் திரும்பும்போது பிராமணத்தியின் தலை, தீண்டாதவளின் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் அந்தத் தலையை வைகாசி முதல் நாள் ஊர்வலமாகக் கொண்டுவந்து சண்டாளச்சியின் உடலில் பொருத்துகிறார்கள். தலைக்குத்தான் பெயர், தலைக்குத்தான் மாலை. உடம்புக்குப் பெயர்கூட இல்லை, சாதிதான் பெயர். பல ஊர்களில் பறையடித்து அம்மனை எழுப்புகிறவர்கள் அவள் வாசலைத் தாண்டமுடியாது. மெடுசா கதையும் இப்படித்தான். ஓவிட் சொல்கிற வடிவத்தில், மினர்வாவின் கோயிலில் நெப்டியூன் அவளைக் கெடுக்கிறான், தண்டனை அவளுக்கு. கூந்தல் பாம்பாகிறது, கடைசியில் வெட்டின தலையைத் தேவியின் கேடயத்தில் பதிக்கிறார்கள்.

*

ரோமப் பேரரசில் கிறித்தவம் அரசமதமான பிறகும் பழைய சாமிகள் உடனே ஒழியவில்லை. 391-இல் பேரரசன் தியோடோசியஸ் பலியைத் தடைசெய்தான். அதே வருஷம்தான் அலெக்சாந்திரியாவின் செராபிஸ் கோயில் இடிபட்டது. அடுத்த வருஷம் வந்த சட்டம் இன்னும் நுணுக்கமானது. வீட்டுத் தெய்வத்துக்கு விளக்கு ஏற்றாதே, மது படைக்காதே, தூபம் போடாதே, மாலை சூட்டாதே, மரத்தில் நாடா கட்டாதே, மண்ணால் பீடம் எழுப்பாதே. மீறினால் அந்த வீடோ நிலமோ பறிமுதல். வேப்பமரமும் மஞ்சள்துணியும் மண்மேடையும் என்று நம் தெருமுனை ஒன்றைப் பார்த்து எழுதின சட்டம் மாதிரி இருக்கிறது. இப்படி ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த பட்டம் 'பேகன்'. லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் கிராமத்தான், பட்டிக்காட்டான். 'கிராம தேவதை', 'சிறுதெய்வம்' என்று எழுதும்போது நம் பேனாவிலும் கொஞ்சம் அந்த லத்தீன் மை இருக்கிறது.

கிரேக்கச் சாமியின் உயிர் பலியில் இருந்தது. எலும்பும் கொழுப்பும் தெய்வத்துக்கு, கறி மனிதர்களுக்கு. அந்தப் பங்கை வகுத்தவன் புரொமிதியஸ் என்கிறது ஹெசியாடின் கதை. சாமியும் ஊரும் ஒரே ஆட்டைப் பகிர்வதுதான் சடங்கு. அதை நிறுத்தியபின் மிஞ்சியது சிலை. சிலையை ரசிக்கலாம், பாடம் நடத்தலாம், சைக்கிளுக்குப் பெயராக வைக்கலாம்.

நம்மூரில் 1950-இல் விலங்கு, பறவை பலித் தடைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, பெரும்பாலும் காகிதத்தில் கிடந்தது. 2003-இல் அதை எடுத்துத் தூசிதட்டி, கோயில்களில் கிடாவெட்டும் கோழிபலியும் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. நேர்ந்துவிட்ட ஆட்டோடு வந்த குடும்பங்களை போலீஸ் மறித்தது. 'ஜீவகாருண்யம்' என்று வரவேற்றவர்களில் பகுத்தறிவாளர்களும் இருந்தார்கள், மடாதிபதிகளும் இருந்தார்கள். அந்தக் கூட்டணியே நம்மை யோசிக்க வைத்திருக்கவேண்டும். கறிக்கடைக்குத் தடையில்லை, பிரியாணிக்குத் தடையில்லை. ஏழை தன் சாமியோடு உட்கார்ந்து தின்பதற்குத்தான் தடை. எதிர்ப்பு வலுத்து 2004-இல் சட்டமே ரத்தானது. அதாவது தியோடோசியஸின் உத்தரவு இங்கே ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

ஆனால் சட்டம் செய்ய முடியாததை மரியாதை செய்கிறது. ஊர்ப்புறத்தில் ஆடு விழும் இடத்தில், டவுன்பக்கம் பூசணிக்காயில் குங்குமத்தைத் தடவி உடைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் நாகரிகமானால் எலுமிச்சம்பழம். வெட்டினால் உள்ளே சிவப்புத் தெரியவேண்டும் என்பதற்காக அதற்கும் குங்குமம்.

அப்பா வருஷாவருஷம் முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தது அதைத்தான். 391-க்குப் பிறகு பலி கிடைக்காத ஹெர்குலிஸ், பதினாறு நூற்றாண்டு கழித்து அம்பத்தூர் வீட்டு வாசலில் அதை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்று தகட்டை மட்டும் கழற்றித்தரச் சொல்லிக் கேட்டேன். "கம்பெனி பேரு போட்டது, அதை வச்சு என்ன பண்ணப்போற?" என்று அப்பா ஸ்பானரை எடுத்துக்கொடுத்தார். கழற்றினால் பின்பக்கம் பழைய சந்தனம் கெட்டியாக ஒட்டியிருந்தது.